சுமைக்கேற்ற ஸ்பிரிங்

பந்தயத்தில் ஓடும் பைக்குக்கு ஒரே ஓட்டுநர்தான். அவர் எடை ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் மாறுவதில்லை. ஆனாலும் அவர் ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று அளந்த பிறகே வண்டியை வெளியே விடுகிறார்கள். சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தால் அறியப்பட்ட பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிக்குப் போகும் ஸ்பிளெண்டரின் கதை வேறு. காலையில் ஒருவர், மாலையில் மனைவியும் பிள்ளையும், பருவத்தில் மாங்காய்க் கூடையோ, பட்டுக்கூட்டு மூட்டையோ பின்னால் கட்டியிருக்கும். சுமை இரண்டு மடங்குக்கும் மேலாக மாறுகிற இந்த வண்டியின் ஸ்பிரிங்கைத்தான் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. அளந்து பார்ப்பது பந்தயக்காரர் வேலை என்ற எண்ணம் தலைகீழானது என்பதே என் கட்சி.

உட்கார்ந்ததும் வண்டி அமுங்கும் அளவை பைக் ஆர்வலர்கள் ‘சேக்’ என்கிறார்கள். சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கியிருப்பது சாலை வண்டிக்கு ஏற்றது. 90 மி.மீ. அசைவு இருந்தால் 23 முதல் 30 மி.மீ. வரை. கொஞ்சம்கூட அமுங்கவே கூடாது என்று நினைப்பது தவறு. சக்கரம் மேட்டில் ஏறினால் மட்டும் போதாது, பள்ளத்தில் இறங்கவும் வேண்டும். இறங்க இடமில்லாவிட்டால் டயர் தரையை விட்டு எழும்பும், அந்த நொடியில் பிரேக் பிடித்துப் பயனில்லை. அளவுக்கு மேல் அமுங்கினாலும் ஆபத்துதான். தனியாக ஓட்டுகிறவரின் எடை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போகும். பின்னால் இருப்பவரின் எடையும் மூட்டையின் எடையும் ஏறக்குறைய முழுதாகப் பின்சக்கரத்தின் மேலேயே விழும். பின்பக்கம் தாழ, முன் ஃபோர்க் இன்னும் சாய்கிறது. முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. ஹேண்டில் மந்தமாகிறது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்கும் வளைவுகளில் வண்டி தன் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் நோக்கிப் போகும். இரவில் ஹெட்லைட்டும் நிமிர்ந்து எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். பல்பு மாற்றியவரைத் திட்டுகிறோம். பாதி நேரம் குற்றவாளி ஸ்பிரிங்காக இருக்கலாம்.

இதைத் திருத்த, ஸ்பிரிங்கைப் படிப்படியாக முன்கூட்டி அமுக்கி வைக்கும் வளையம் வண்டியிலேயே இருக்கிறது. ஸ்பிளெண்டர் பிளஸின் பின் ஷாக் அப்சார்பரில் ஐந்து படிகள், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் ஆறு. அளப்பதும் எளிது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அச்சிலிருந்து நேர் மேலே பாடியில் ஓர் இடம்வரை டேப்பால் அளக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, வழக்கமாக ஏற்றும் ஆளோடும் சுமையோடும் உட்கார்ந்து, ஒருமுறை அமுக்கி விட்டு, அதே இரண்டு புள்ளிகளை இன்னொருவர் அளக்க வேண்டும். வித்தியாசம்தான் அமுங்கல். அதிகமாக இருந்தால் வளையத்தை ஒரு படி ஏற்றலாம். இருபுறமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பிறகு யாரும் ஏறாத வண்டியையும் பார்க்க வேண்டும்: தன் எடைக்கே சில மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். துளியும் அமுங்காவிட்டால் வளையம் எல்லை மீறிவிட்டது.

படியை ஏற்றினால் முதுகு போய்விடும் என்பது பலரும் சொல்லும் மறுப்பு. அதில் பாதி உண்மை. வளையம் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை; ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அது கேட்கும் எடை பழையபடியேதான். முன்கூட்டி அமுக்கி வைப்பதால் வண்டி உயர்கிறது, அவ்வளவே. தனியாகப் போகிறவர் கடைசிப் படியில் வைத்தால், அந்த முன் அமுக்கத்தை மீறும் அளவு விசை வந்தால்தான் ஸ்பிரிங் அசையும். சின்னச் சின்ன மேடுகள் எல்லாம் முதுகுக்கு வரும். சுமையோடு முதல் படியில் வைத்தால் நடப்பதோ அதைவிட மோசம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரத்தில் 3.7 மீட்டர் அகலத்துக்கு மெல்ல ஏறி இறங்க வேண்டும். ஊர்களில் நாம் காண்பது பெரும்பாலும் செங்குத்தான குறுகிய திட்டு. ஏற்கெனவே அமுங்கிப்போன ஸ்பிரிங் அதில் அடிவரை போய் முட்டும்போது முழு இடியும் நேராக முதுகெலும்பில் இறங்குகிறது.

கம்பெனி வைத்துக் கொடுத்ததை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். யார் ஏறுவார்கள் என்று தெரியாததால்தானே கம்பெனி படிகளை வைத்தது? வேளைக்கு வேளை யார் திருகிக்கொண்டிருப்பது என்ற கேள்வி இதைவிட நியாயமானது. தினமும் திருக வேண்டியதில்லை. வாரத்தில் அதிக நாள் ஏற்றும் சுமைக்கு வைத்துக்கொண்டு, அறுவடைக்காலம் போல சுமை நிலையாக மாறும்போது மட்டும் மாற்றினால் போதும். அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். டயரின் காற்றழுத்தத்தையும் அப்போதே கூட்டிவிடலாம்.

வளையத்தால் முடியாததும் உண்டு. சாதாரண வண்டிகளின் முன் ஃபோர்க்கில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. ஷாக்கில் எண்ணெய் கசிந்து, வண்டி ஒரு மேட்டுக்கு மூன்று முறை துள்ளினால், எந்தப் படியும் அதை நிறுத்தாது. ஷாக்கைத்தான் மாற்ற வேண்டும். கடைசிப் படியிலும் அமுங்கல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த ஸ்பிரிங் அந்தச் சுமைக்கானது அல்ல. வண்டியின் கையேட்டில் ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை அச்சிட்டிருக்கும். ஏறுபவர்களின் எடையையும் மூட்டையின் எடையையும் கூட்டி அதோடு ஒப்பிட்டால் தவறு ஸ்பிரிங்கிலா, சுமையிலா என்று தெரிந்துவிடும்.