அப்பாவுக்குக் கைப்பேசி வாங்கப் போகிறீர்களா?

“அப்பா, அடுத்த வாரம் எனக்கு ஆப்பரேஷன். டாக்டர் தேதி கொடுத்துட்டாரு.”

“சரிப்பா... நல்லது, நல்லது! ரொம்ப சந்தோஷம்.”

ஒரு தீபாவளியன்று சிங்கப்பூரிலிருந்து மகன் பேச, தோட்டத்து வீட்டிலிருந்து என் பெரியப்பா சொன்ன பதில் இது. மகன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அவர் உடனே பெரியம்மாவை அழைத்துப் பேசிய பிறகுதான், பெரியப்பாவின் காதில் ஒரு சொல்கூட விழவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

பெரியப்பா செம்பனை ஆலையில் 30 ஆண்டுகள் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்தவர். இப்போது இரண்டு காதிலும் கருவி. நேருக்கு நேர் பேசினால் நன்றாகவே கேட்கும். ஆனால் கைப்பேசியைக் காதருகே கொண்டு போனால் முதலில் ‘கீ...’ என்று ஒரு விசில். பிறகு ‘ர்ர்ர்’ என்று வண்டு குடைவது போல ஓர் இரைச்சல். பொறுக்க முடியாமல் கருவியைக் கழற்றிவிடுவார். கழற்றினால் ஒன்றும் கேட்காது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எல்லாவற்றுக்கும் “சரி, சரி” என்பார்.

இத்தனைக்கும் அது மலிவான கைப்பேசி அல்ல. மகனே சிங்கப்பூரில் ஆசையாக வாங்கி அனுப்பியது. குறை ஒன்றுதான்: அப்பாவின் காதில் இருப்பது எந்தக் கருவி என்று யாரும் பார்க்கவில்லை.

விசிலும் இரைச்சலும் ஏன்?

விசிலுக்குக் காரணம் எளிது. கருவி பெரிதாக்கிய ஓசை கைப்பேசியில் பட்டுத் திரும்பி, மறுபடியும் கருவியின் ஒலிவாங்கிக்குள் நுழைகிறது. கைப்பேசியைச் சற்றுச் சாய்த்து, அரை அங்குலம் தள்ளிப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

நம்மில் பலர் செய்யும் இன்னொரு தவறும் உண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்கு ஒலிவாங்கி காது மடலின் உச்சியில் இருக்கிறது. நாமோ பழக்கத்தால் கைப்பேசியைக் காதுத் துளையில் வைக்கிறோம். சற்று மேலே, கருவியை ஒட்டி வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

‘ர்ர்ர்’ இரைச்சல் வேறு வகை. பழைய 2ஜி முறையில் கைப்பேசி தன் வானொலி அலைகளைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 217 தடவை விட்டு விட்டு அனுப்புகிறது. அந்தத் துடிப்பைக் கருவியின் மின்சுற்று பிடித்து ஓசையாக்கிவிடுகிறது. 4ஜி முறையில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

மலேசியாவில் 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் ‘வோல்டி’ வசதி இயங்காத கைப்பேசிகள், அழைப்பு வந்ததும் 2ஜிக்கு இறங்கிவிட்டன. பெரியப்பாவின் கைப்பேசிக்கும் அதுதான் நேர்ந்தது. அங்கே வாங்கிய அந்த மாதிரிக்கு இங்குள்ள சேவையில் வோல்டி இயங்கவில்லை. சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டதால், மகனுக்கு இந்த இரைச்சலைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை.

முதலில் கருவியைப் பாருங்கள்

கைப்பேசியின் ஓசை கருவிக்குள் போக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஒலிவாங்கி. இது எல்லாக் கருவியிலும் உண்டு. சுற்றியுள்ள சத்தமும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது, ‘டெலிகாயில்’. கருவிக்குள் இருக்கும் சிறு செம்புக் கம்பிச் சுருள். கைப்பேசியின் காந்த அலையை நேராகப் பிடிப்பதால் விசில் வராது. வெளிச் சத்தமும் நுழையாது. பல கருவிகளில் இது இருந்தும், பரிசோதித்துக் கொடுத்தவர் முடுக்கிவிடாததால் சும்மா கிடக்கும். கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, புளூடூத். குரல் கம்பியில்லாமல் நேரே இரண்டு காதுக்கும் வரும். ஆனால் எல்லாக் கருவியும் எல்லாக் கைப்பேசியோடும் சேராது. 2014 முதல் ஐபோனுக்கென்றே செய்த கருவிகள் வந்தன. ஆண்ட்ராய்டில் 2019-இல் வெளியான பத்தாம் பதிப்பிலிருந்துதான் இதற்கான வசதி வந்தது. அதுவும் எல்லாக் கைப்பேசியிலும் இல்லை. ஆகவே கருவி விற்றவரிடம், “இதோடு சேரும் கைப்பேசிகள் எவை?” என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று: சில கருவிகளில் மறுமுனைக் குரல் காதுக்கு வந்தாலும், நாம் பேசுவதைக் கைப்பேசிதான் பிடிக்க வேண்டும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசினால் மறுமுனைக்குக் கேட்காது.

கைப்பேசி விவரத்தில் ‘எம்3’, ‘டி4’ போன்ற குறிகளைக் கண்டால் அவை அமெரிக்க அளவுகோல். ‘எம்’ ஒலிவாங்கிக்கு, ‘டி’ டெலிகாயிலுக்கு. 3 நல்லது, 4 மிக நல்லது. கருவிக்கும் இதே போன்ற எண் உண்டு. இரண்டையும் கூட்டி 5 வந்தால் வழக்கமான பேச்சுக்குப் போதும். 6 என்றால் சிறப்பு. 2019-இல் அந்த அளவுகோலைத் திருத்தியபோது இந்த எழுத்துகளை நீக்கிவிட்டார்கள். எனவே புதிய கைப்பேசியில் அவை இல்லை என்பதற்காக ஒதுக்கிவிட வேண்டாம்.

கடைக்கு யார் போக வேண்டும்?

நாங்கள் பெரியப்பாவையே கூட்டிக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போனோம், கருவியை மாட்டியபடியே. கடையிலிருந்த சீன இளைஞர் பொறுமைசாலி. நம் சிம் அட்டையைப் போட்டு ஒவ்வொன்றாகப் பேசிப் பார்க்க அனுமதித்தார். நான் வாசலுக்கு வெளியே நின்று அழைத்தேன்.

“பெரியப்பா, காலையில என்ன பசியாறினீங்க?”

முதல் கைப்பேசியில், “ஆங்?” என்றார். இரண்டாவதில், “சரி, சரி” என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவதில், “தோசைதான். உங்க பெரியம்மா சட்னியில உப்புப் போட மறந்துட்டா!” என்றார். அதையே வாங்கினோம். முதலில் காட்டியதைவிட அது விலை குறைவு.

நீங்களும் இப்படியே கேள்வி கேட்டுச் சோதியுங்கள். “கேக்குதா?” என்று கேட்டால், பெரியவர்கள் “கேக்குது” என்றுதான் சொல்வார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். வாங்குமுன் இவற்றையும் பாருங்கள்:

• உங்கள் சேவையில் வோல்டி இயங்குகிறதா?

• ஒலியைப் போதிய அளவு கூட்ட முடிகிறதா? பக்கத்துப் பொத்தானால் எளிதில் கூட்டலாமா?

• அழைப்பு வந்தால் அதிர்வதோடு விளக்கும் மின்னுமா?

• கருவிக்கென்று தனி அமைப்பு உள்ளதா? இருந்தால் கடையிலேயே முடுக்கிவிடச் சொல்லுங்கள்.

• ஆண்ட்ராய்டானால், எதிரே பேசுவதை எழுத்தாக்கித் திரையில் காட்டும் செயலியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தமிழிலும் வரும், தவறுகள் இருந்தாலும் மருத்துவமனையில் டாக்டரிடம் பேசும்போது கைகொடுக்கும்.

மகனுக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. முன்பெல்லாம் கைப்பேசி ஒலித்தால் பெரியம்மாவிடம் நீட்டிவிடும் பெரியப்பா, இப்போது தாமே எடுத்துப் பேசுகிறார். “வலி இருக்காப்பா? மருந்து வேளைக்குச் சாப்பிடுறியா?” என்று கேட்கிறார், பதிலையும் கேட்டுக்கொள்கிறார்.

உங்கள் வீட்டிலும் “சரி, சரி” என்று மட்டுமே சொல்லும் ஒருவர் இருக்கலாம். அவருக்குப் பேச விருப்பமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இந்த வாரமே அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.