நிறுத்தியதால் வந்த நோயா?

“குடிச்சிக்கினு இருந்த வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு. நிறுத்துனாரு, படுத்தாரு, போய்ச் சேர்ந்துட்டாரு.”

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் தேரடி வரைக்கும் சாவு வீட்டுப் பந்தலில் கேட்கிற பேச்சு இது. காசிமேட்டில் படகேறியவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், எண்ணூர் ஆலையில் ஷிப்டு பார்த்தவர் என்று ஆள் மாறும், கதை மாறாது. முப்பது வருடம் குடித்தவர் அறுபதை ஒட்டி ஒருநாள் விடுகிறார். ஆறு மாதத்திலோ இரண்டு வருடத்திலோ வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது, அல்லது சோறு தொண்டையில் இறங்காமல் நிற்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பிறகு பந்தல். விடலாமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த இன்னும் நாலு பேர் அந்தப் பந்தலிலேயே எண்ணத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இதை வெறும் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். நிறுத்தியதும் நடந்திருக்கிறது, நோய் வந்ததும் நடந்திருக்கிறது. இரண்டையும் இணைத்த இடத்தில்தான் பிழை. அந்தப் பிழை உயிரை வாங்கக்கூடியது என்பதால் அதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், அந்தப் பேச்சில் இருக்கும் உண்மையை ஒப்புக்கொள்வோம். நாள்தோறும் அதிகம் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஆபத்துக்கு உள்ளாகும். மது மூளையின் வேகத்தைக் குறைக்கும் பொருள். வருடக்கணக்கில் அதன் அழுத்தத்தில் இயங்கிய மூளை, அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். மது நின்றதும் கூட்டி வைத்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. இரண்டாம் நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்கு ஜன்னி கண்டு, இல்லாத ஆளையும் பூச்சியையும் பார்த்துப் பயந்து எழுந்து ஓடுவார்கள். இந்த ஜன்னியை 1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் தனி நோயாக எழுதி வைத்தார். ஆனால் இது மதுவின் நஞ்சா, பட்டினியின் விளைவா, நிறுத்தியதன் விளைவா என்ற வாதம் அதன் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் மருத்துவமனையில் ஹாரிஸ் இஸ்பெல்லும் கூட்டாளிகளும், நல்ல சாப்பாட்டோடு வாரக்கணக்கில் பத்துப் பேருக்கு மது கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். நீண்ட நாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும் ஜன்னியும் வந்தன. இன்று எந்த மருத்துவமனையும் அனுமதிக்காத சோதனை அது. ஆனால் வாதம் அதோடு முடிந்தது.

ஆகவே, “விட்டதும் வலிப்பு வந்துடுச்சு” என்று பந்தலில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த நாலைந்து நாளை மருந்தோடு கடக்கலாம் என்ற செய்திதான் அவரை எட்டவில்லை. நரம்பைத் தணிக்கும் மாத்திரையும் தயமின் என்ற பி1 வைட்டமினும் சரியாகக் கொடுத்தால் இந்த ஜன்னியில் சாவு அரிது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன; சென்னையில் அவை மீண்டும் திறக்க ஆகஸ்ட் 18 ஆயிற்று. தானாக முடிவெடுக்காமலே லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் நிறுத்த வேண்டியிருந்த காலம் அது. அந்த மார்ச் கடைசியில் பெங்களூரு மருத்துவமனைகளுக்குக் குடி நின்றதால் கடுமையான நிலையில் வந்தவர்கள் கூடியதை அங்குள்ள மனநல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஐயப்பனுக்கு மாலை போடும் பருவத்திலும் இது நடப்பதுண்டு. மாலை போட்ட அன்றே குடியை நிறுத்தி, மலையிலிருந்து இறங்கியதும் தொடங்குகிறவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் அவர்களுக்கு உண்டு. ஆனால் நிறுத்தித் தொடங்கி நிறுத்தித் தொடங்கிச் செல்லும்போது, மூளையின் துள்ளல் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கடுமையாகலாம் என்று பாலஞ்சர், போஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இலேயே காட்டினார்கள். நாற்பது வயதில் நடுக்கத்தோடு போனது அறுபதில் வலிப்பாக வரலாம். மாலை போடட்டும். போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

இது முதல் வாரத்தின் கதை. இரண்டு வருடம் கழித்து வந்த சாவுக்கு இது விளக்கம் ஆகாது. அங்கேதான் பந்தலின் கணக்கு தலைகீழாகிறது.

பிரிட்டனில் 24 ஊர்களில், நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக்குட்பட்ட 7,735 ஆண்களை வருடக்கணக்கில் கவனித்துவந்த இதய ஆய்வு ஒன்று உண்டு. குடிக்காதவர்கள், அளவாகக் குடிப்பவர்களைவிட அதிகம் சாகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியதைப் பார்த்து, ‘கொஞ்சம் குடித்தால் நல்லது’ என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஆய்வை நடத்திய ஜெரால்ட் ஷேப்பர், அந்தக் குடிக்காதவர்கள் யார் என்று கேட்டார். அவர்களில் பலர் முன்பு குடித்தவர்கள். உடம்புக்கு முடியாமல் போனதால் விட்டவர்கள். நோய் முதலில் வந்திருக்கிறது, குடி பின்னால் நின்றிருக்கிறது. 1988இல் ‘லான்செட்’ இதழில் அவர் இதை எழுதிய பிறகு, பழைய ஆய்வுகளின் முடிவுகளையே மறுபடி சலித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

நம் தெருவிலும் இதுதான் நடக்கிறது. அறுபது வயதில் ஒருவர் ஏன் விடுகிறார்? பசி செத்துப்போகிறது. காலையில் குமட்டுகிறது. கால் வீங்குகிறது. பழைய கட்டிங்கே தலைக்கு ஏறித் தள்ளாட வைக்கிறது. வயது ஏற ஏற உடம்பில் நீரின் அளவு குறைவதால் அதே அளவு மது ரத்தத்தில் அதிகச் செறிவோடு நிற்கும் என்பது அவருக்குத் தெரியாது. “இப்பல்லாம் ஒத்துக்கல” என்று மட்டும் தெரியும். அந்த ஒவ்வாமையே நோயின் முதல் குரல். அவர் விட்டபோது கல்லீரல் ஏற்கெனவே தழும்பேறிப்போயிருந்தது. கல் மாதிரி இருந்தார் என்று மற்றவர்கள் நினைத்த காலம் முழுவதும் அது உள்ளே நடந்துகொண்டிருந்தது.

புற்றுநோய்க்கும் இதே கணக்கு. உடம்பு மதுவை உடைக்கும்போது அசிட்டால்டிஹைடு என்ற பொருள் பிறக்கிறது. அது செல்லின் மரபுப் பொருளையே காயப்படுத்தும். வாயிலும் உணவுக்குழாயிலும் இருபது முப்பது வருடம் சேர்ந்த காயம், கடைசிப் புட்டியோடு மறையாது. கந்துவட்டிக்காரனிடம் புதிதாகக் கடன் வாங்குவதை நிறுத்தினாலும் பழைய கடனுக்கு வட்டி கேட்டு அவன் வாசலில் வந்து நிற்பதுபோல, உடம்பும் கொஞ்ச காலம் கேட்கும். ஆனால் கடன் குறைகிறது. மதுவை விட்டால் வாய்ப் புற்றும் உணவுக்குழாய்ப் புற்றும் வரும் வாய்ப்பு குறைகிறது என்பதற்குப் போதிய சான்று இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023இல் அறிவித்தது. குறைய வருடங்கள் ஆகும். அதனால்தான் அறுபதைவிட ஐம்பதில் விடுவது மேல், ஐம்பதைவிட நாற்பதில்.

கல்லீரலைப் பற்றி இன்னும் துணிவாகவே சொல்லலாம். கல்லீரல் சுருக்க நோய் உறுதியானவர்களை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் தெரிந்த ஒரு மாதத்துக்குள் குடியை நிறுத்தியிருந்தவர்களில் 72 சதவீதத்தினர் ஏழு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். தொடர்ந்து குடித்தவர்களில் 44 சதவீதத்தினர்தான். அதாவது கல்லீரல் கெட்ட பிறகு நிறுத்தியவர்களுக்கே இவ்வளவு பலன். சாவு வீட்டில் யாரும் சொல்லாத எண்கள் இவை. ஏனென்றால் நிறுத்திப் பிழைத்தவருக்குப் பந்தல் போடுவதில்லை. அவர் பாட்டுக்கு டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், யாரும் அவரை எண்ணுவதில்லை.

மூளையும் மீள்கிறது. 1978இல் டொரண்டோவில் பீட்டர் கார்லன் குழு, நெடுங்காலம் குடித்தவர்களின் தலையை ஸ்கேன் செய்து, நிறுத்திப் பல மாதம் கழித்து மறுபடியும் எடுத்தது. சுருங்கியிருந்த மூளை சிலருக்கு ஓரளவு நிரம்பியிருந்தது. முதல் மாதங்களில் வரும் மறதியையும் எரிச்சலையும் தூக்கமின்மையையும் பார்த்து “குடிச்சப்பவே தேவலை” என்று வீட்டில் சொல்கிறார்கள். இந்தச் சொல் எவ்வளவு பேரை மறுபடியும் கடை வாசலுக்கு அனுப்பியிருக்கும் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், தலைக்குள் பழுது பார்க்கும் வேலை நடக்கிறது என்று அந்த வீட்டாருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

விட்ட குடியை மறுபடி தொடாமலிருக்க உதவும் மருந்தும் உண்டு; அதன் கதை ரப்பரில் தொடங்குகிறது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு ரப்பர் புதிதல்ல. 1946இல் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யும் கொட்டகையைத் தொடங்கியது இங்கேதான். பின்னாளில் அது எம்.ஆர்.எஃப். டயர் ஆயிற்று. அந்தப் பழைய மருந்தின் பிறப்பிலும் ரப்பருக்குப் பங்கு உண்டு. ரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் தையூரம் வகை ரசாயனத்தோடு வேலை செய்த தொழிலாளர்கள், மாலையில் மது தொட்டால் முகம் சிவந்து படபடத்துப் போகிறார்கள் என்று வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஆலை மருத்துவர் 1937இல் எழுதினார். பிறகு 1948இல் கோபன்ஹேகனில் ஹால்டும் ஜேக்கப்சனும் அதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிரத்தைக் குடிக்கு எதிரான மருந்தாக வெளியிட்டார்கள். முன்னே சொன்ன அசிட்டால்டிஹைடை உடைக்கும் நொதியை இது முடக்கிவிடும். மருந்து எடுத்தவர் குடித்தால் அந்த நஞ்சு ரத்தத்தில் தேங்கி, வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் விழும்.

தெரிந்து, ஒப்புக்கொண்டு, வீட்டார் கையால் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது நல்ல துணை. ஆனால் “அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்” என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நம்பாதீர்கள். எந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதில் இந்த வகை மருந்து இருந்து, இதய நோயுள்ள அறுபது வயதுக்காரர் தெரியாமல் குடித்துவிட்டால் உயிரே போகலாம். அந்தப் பொடியை வாங்கும் மனைவியின் தவிப்பு எனக்குப் புரிகிறது. இந்த நாட்டில் குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு சொல்கிறது. மீதி 37 வீடுகளின் கதவைத் தட்டுவது பொடி விற்பவர்தான்.

சிகிச்சையே நம் ஊரில் இல்லை என்பதல்ல. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, இது ஒழுக்கக் கேடு அல்ல, நோய் என்று குடும்பங்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. குறை எங்கே என்றால், மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்த பிறகு. பல இடங்களில் ஒரு மாதமோ மூன்று மாதமோ உள்ளே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதன்பின் அவர் யாருடைய நோயாளியும் இல்லை. காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து தர வேண்டும், ஏழைகளை வீட்டில் வைத்தே அதைச் செய்ய முடியும் என்று 1950களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியது சேத்துப்பட்டில் நடந்த சென்னை ஆய்வு. நெருக்கடியான வீடுகளில், சுமாரான சாப்பாட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு இணையாகக் குணமானார்கள். வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆள் இருந்தது. அதே ஊரில் குடிநோய்க்கு அப்படி ஒரு ஏற்பாடு இன்னும் வரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு பாஸ்டனில் ஜார்ஜ் வேலண்ட் நடத்திய ஆய்வு சாட்சி. ஹார்வர்டில் படித்தவர்களையும் நகரத்தின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர்களையும் அறுபது வருடம் பின்தொடர்ந்தது அது. ஏழைத் தெருவில் வளர்ந்து குடிநோய்க்கு ஆளானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுபது வயதுக்குள் இறந்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குடியை முழுதாக விட்டிருந்தார்கள். ஹார்வர்டுக்காரர்களைவிட இவர்களே நிலையாக விடுவதில் இரண்டு மடங்கு முன்னால் நின்றார்கள். ஐந்து வருடம் தாண்டியவர் மறுபடி விழுவது அரிது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

எது அவர்களைத் தாங்கியது என்று வேலண்ட் தேடியபோது நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன: குடித்தால் உடனே தெரிந்துவிடும்படி ஒரு கண்காணிப்பு, குடியின் இடத்தை நிரப்ப வேறொரு பழக்கம், நம்பிக்கை தரும் ஒரு கூட்டம், பழைய காயங்கள் இல்லாத புதிய உறவு. கடைசியாகச் சொன்னதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மனைவிக்கும் மகனுக்கும் மறக்க முடியாத இரவுகள் இருக்கின்றன. அவர்கள் மன்னிக்காமல் போனாலும் நியாயமே. பேரனுக்கு அப்படி எதுவும் நினைவில் இல்லை. அவன் பார்த்தது குடிக்காத தாத்தாவை மட்டும்தான். கூட்டத்தைப் பொறுத்தவரை, குடியை விட நினைப்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, குடியை முழுதாக விடுவதில் ஒருபடி மேலேயே இருக்கின்றன என்று 2020இல் 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் குழு சொன்னது.

குடியைத் தவிர வேறு போதையிலிருந்து மீண்ட ஒரு தலைமுறையும் இப்போது முதுமையை எட்டுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிரவுன் சுகரும் போதை ஊசியும் சென்னைக்குள் நுழைந்தபோது இளைஞர்களாக இருந்து, தப்பி வந்தவர்கள். ஊசியை விட்டு முப்பது வருடம் ஆகியிருக்கலாம். ஆனால் அன்று பகிர்ந்த ஊசியில் வந்த ஹெபடைட்டிஸ் சி கிருமி சத்தமில்லாமல் கல்லீரலை அரித்துக்கொண்டிருக்கலாம். சென்னையில் நடந்த ஆய்வுகளில், ஊசியை விட்டவர்களிடையே மதுப்பழக்கம் தொடர்வதும், அதிகம் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு கூடுவதும் பதிவாகியிருக்கின்றன. இந்தக் கிருமியை இன்று மூன்று மாத மாத்திரையில் அனேகமாக முழுதாக ஒழித்துவிடலாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். பழைய கதையை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு இந்தப் பரிசோதனையைத் தவறவிடுவது பெரிய அநியாயம்.

கடைசியாக, பீடி. குடியை விட்டவரிடம் “அதையாவது விட்டு வைங்க” என்று எல்லோரும் கருணை காட்டுகிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சிகிச்சை பெற்றுச் சென்ற 845 பேரை ரிச்சர்ட் ஹர்ட் பின்தொடர்ந்து 1996இல் எழுதினார்: இறந்தவர்களில் மது தொடர்பான காரணத்தால் போனவர்களைவிடப் புகையிலை தொடர்பான காரணத்தால் போனவர்களே அதிகம். ஏ.ஏ.வைத் தொடங்கிய பில் வில்சனே பல பத்தாண்டு குடிக்காமல் இருந்து, 1971இல் நுரையீரல் நோயோடு இறந்தார். கரித்தூளும் ஆலைப் புகையும் கலந்த காற்றை எண்ணூர்க்காரர் பிறந்ததிலிருந்து சுவாசிக்கிறார். அந்த நுரையீரலுக்குப் பீடி எதற்கு? குடியை விடப் போகிறவர், விட்டவர், மறுபடி தொடங்கிவிட்டவர் யாராக இருந்தாலும் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது எத்தனை வருடம் குடித்தோம், எப்போது விட்டோம், பீடி நாளுக்கு எத்தனை, ஊசி போட்டதுண்டா என்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.