கொடுவா: ஆணாக வளர்ந்து தாயாகும் மீன்

வயலை விட்டு வந்து களப்போரத்தில் குடியிருக்கும் எம்மவர் பலருக்கு மண்வெட்டி பழக்கம், வலை புதிது. மண்ணை அறிந்தவருக்கே வேளாண்மை கைகூடும். மீனை அறிந்தவருக்கே களப்பும் நெடுநாள் சோறு போடும். ஆகவே இம்முறை கொடுவா மீனைப் பற்றி அறிந்துகொள்வோம்.

கொடுவா கடலிலும், களப்பிலும், ஆற்று நன்னீரிலும் வாழக்கூடியது. கூரிய முகமும் பெரிய வாயும் உடையது. இரவில் வெளிச்சம் பட்டால் கண்கள் சிவந்து மின்னும். சிறு மீன்களையும் இறாலையும் உண்ணும்; தன் இனத்துக் குஞ்சுகளையும் விழுங்கும்.

இதன் வாழ்க்கை விசித்திரமானது. கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகவே பருவமடைகிறது. 3 அல்லது 4 வயதில் ஆணாக இனம்பெருக்கி, ஏறக்குறைய 6 முதல் 8 வயதுக்குள் பெண்ணாக மாறுகிறது. எனவே வலையில் விழும் மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய் மீன்களே. ஒரு தாய் பல இலட்சம் முட்டைகளை இடும்.

முட்டை பொரிக்க உப்பு நீர் வேண்டும். அதனால் நன்னீரில் வளர்ந்த மீனும் முகத்துவாரத்தை நோக்கி இறங்கி வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நீர் பெருகும் வேளையில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் குஞ்சு பொரித்துவிடும். குஞ்சுகள் பெருகும் நீரோடு களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களின் இடையே ஒதுங்கி வளர்கின்றன. எமக்கு நாற்றுமேடை எப்படியோ, கொடுவாவுக்குக் கண்டல் அப்படி.

மட்டக்களப்பு வாவி போன்ற இடங்களில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடுவதுண்டு. மாரி வெள்ளத்தில் வேளாண்மை அழியாதிருக்க அதை வெட்டிவிடுகிறோம். அந்த வழியே மீனுக்கும் பாதையாகிறது. ஆதலால் வெட்டும் நாளை விவசாயிகளும் மீனவரும் கூடிப்பேசித் தீர்மானிப்பது இரு சாராருக்கும் நன்மை தரும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. விறகுக்காகக் கண்டலை வெட்டாதிருப்போம். கொசுவலை போன்ற சிறுகண் வலையால் குஞ்சுகளை வாரி எடுக்காதிருப்போம். பூச்சிநாசினி தெளித்த வயல் நீரை உடனே களப்புக்குத் திறந்துவிடாதிருப்போம். முட்டை நிறைந்த தாய் மீன் உயிரோடு அகப்பட்டால் விட்டுவிடுவோம். அன்றைய கறிக்கு அது பெரிய இழப்புத்தான். ஆனால் விதைநெல்லைக் குற்றிச் சமைத்த வீட்டில் அடுத்த போகம் என்னவாகும் என்பதை எம்மை விட அறிந்தவர் யார்?