பம்பை மாற்றும் முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

என் அண்ணனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே இருக்கை, வயது முப்பதைத் தாண்டிவிட்டது. காலையில் சாவியைத் திருப்பியதும் இயந்திரம் ஓடும். ஆனால், மதிய வெயிலில் ஓட்டிச் சென்று கடைமுன் நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் கழித்து வந்தால் எளிதில் கிளம்பாது. கிளம்பும்போது கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வரும்.

முதலில் பேட்டரியை மாற்றினார். பிறகு பிளக்குகளை மாற்றினார். கடைசியில் பெட்ரோல் பம்பையே மாற்றினார். ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவு. கோளாறு அப்படியே இருந்தது. அதுவரை பெட்ரோலின் அழுத்தத்தை யாருமே அளந்து பார்க்கவில்லை.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில், தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பு பெட்ரோலை வடிகட்டி வழியாக இயந்திரத்துக்கு அனுப்புகிறது. அங்குள்ள இன்ஜெக்டர்கள் அதைத் தெளிக்கின்றன. இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும் என்பதைக் காரின் கணினி முடிவு செய்கிறது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது.

சிறு துவாரத்தின் வழியே பாயும் திரவத்தின் அளவு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த வேறுபாடு 300 கிலோபாஸ்கலிலிருந்து 200-க்கு இறங்கினால், தெளிக்கப்படும் பெட்ரோல் சுமார் 18 விழுக்காடு குறையும். மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறும்.

இந்த வேறுபாட்டை மாறாமல் காப்பது ‘ரெகுலேட்டர்’ எனப்படும் அழுத்தச் சீராக்கி. அதனுள் ஒரு மெல்லிய சவ்வும் சுருள்வில்லும் உள்ளன. தேவைக்கு மேற்பட்ட பெட்ரோலை அது தொட்டிக்கே திருப்பி அனுப்பும். சவ்வின் மறுபக்கத்தை, இயந்திரம் காற்றை உறிஞ்சும் பாதையோடு ஒரு சிறு ரப்பர் குழாய் இணைக்கிறது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது அப்பாதையில் காற்றழுத்தம் குறையும். சீராக்கியும் பெட்ரோலின் அழுத்தத்தை அதற்கேற்பக் குறைக்கும்.

எடுத்துக்காட்டாக, 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில், இயந்திரம் மெதுவாக ஓடும்போது அழுத்தம் சுமார் 215 முதல் 265 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டும். ரப்பர் குழாயைக் கழற்றினால் ஏறக்குறைய 50 கிலோபாஸ்கல் ஏற வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் டயருக்குக் காற்றடிக்கும்போது நாம் காணும் 220-ஐ ஒட்டிய எண்கள்தாம் இவை. உங்கள் காருக்குரிய எண்ணை அதன் பழுதுபார்ப்புக் கையேட்டில் பாருங்கள்.

அளப்பதற்கு முன் பாதுகாப்பு. காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, இயந்திரத்தை ஆறவிடுங்கள். அருகில் சிகரெட்டோ தீப்பொறியோ கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடி அணியுங்கள். இயந்திரம் ஓடும்போதே பம்பின் ஃபியூஸைக் கழற்றினால், குழாயில் உள்ள அழுத்தம் இறங்கி, இயந்திரம் தானே நின்றுவிடும். பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். கழற்றியவற்றை மீண்டும் மாட்டி, ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகே இயந்திரத்தை ஓடவிடுங்கள். வேலை முடிந்து அழுத்தமானியைக் கழற்றும்போதும் இதே முறைதான்.

இனி முள்ளைப் படிக்கலாம். அழுத்தம் குறைவாக இருந்தால், தொட்டிக்குத் திரும்பும் ரப்பர் குழாயை ஒரு கணம் மட்டும் மெதுவாக நெரித்துப் பாருங்கள். முள் சட்டென்று ஏறினால் பம்பு நலம். சீராக்கியின் மேல்தான் சந்தேகம். ஏறாவிட்டால் பம்பு, வடிகட்டி, பம்புக்கு வரும் மின்சாரம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அழுத்தம் அதிகமாக இருந்தால், திரும்பும் குழாய் அடைத்திருக்கலாம் அல்லது சீராக்கி சிக்கியிருக்கலாம். ஓடும்போது சரியாக இருந்து, நிறுத்திய சில நிமிடங்களில் முள் விழுந்துவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

அண்ணனின் காரில் இந்த மூன்றாவது நிலைதான். நிறுத்திய இரண்டே நிமிடத்தில் முள் பூஜ்யத்தை நெருங்கியது. சீராக்கியின் சிறு ரப்பர் குழாயைக் கழற்றினேன். காற்று மட்டுமே இருக்க வேண்டிய அதிலிருந்து பெட்ரோல் சொட்டியது. சவ்வு கிழிந்திருந்தது.

புகைக்கும் வாடைக்கும் விடை கிடைத்தது. சவ்வைத் தாண்டிய பெட்ரோல் நேராக இயந்திரத்துக்குள் போயிருக்கிறது. அதோடு, அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். பிரஷர் குக்கரின் தத்துவம்தான், தலைகீழாக. நிறுத்திய காரின் சூட்டில், அழுத்தம் இழந்த குழாயில் பெட்ரோல் ஆவியாகும். இன்ஜெக்டர் திரவத்துக்குப் பதில் ஆவியைத் தெளித்தால் இயந்திரம் எப்படிக் கிளம்பும்? காலையில் இந்தத் தொல்லை இல்லாததற்கும் அதுவே காரணம். சீராக்கியை மாற்றியதும் மதியத்திலும் கார் உடனே கிளம்பியது.

ஓர் எச்சரிக்கை. இன்றைய புதிய கார்கள் பலவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. அங்கே அழுத்தம் 5,000 கிலோபாஸ்கலுக்கும் மேல். சிலவற்றில் 20,000-ஐ எட்டும். அது தோலைத் துளைக்கும். அவற்றை வீட்டில் தொடவே வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள். அவரிடமும், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் “அழுத்தம் எவ்வளவு காட்டியது?” என்று கேளுங்கள். அண்ணன் இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், அந்த ஆயிரம் வெள்ளி மிஞ்சியிருக்கும்.