நம்பேயோ: வனைந்த கைகளும் விற்ற பெயரும்

அமெரிக்கத் தென்மேற்குப் பிரதேசத்தின் பழங்குடிக் கலைகள் பற்றி எழுதியோர் நம்பேயோ என்னும் மட்கலைஞரைக் குறிப்பிடும்போது பெரும்பாலும் ஒரே கதையையே கூறிவந்துள்ளனர். 1895இல் பியூக்ஸ் என்னும் தொல்லியலறிஞர் சிக்யட்கி என்ற பாழூரை அகழ்ந்தார். அங்கு வேலை செய்த லெசூ, வெளிப்பட்ட ஓடுகளைத் தம் மனைவி நம்பேயோவுக்குக் காட்டினார். அவற்றைப் பார்த்து அவர் தீட்டத் தொடங்கவே மறைந்த கலை மறுபடி உயிர்பெற்றது. அறிஞர் கொடுத்தார், கைவினைஞர் பெற்றுக்கொண்டார் என்பதே இக்கதையின் சாரம். இது மீள்பரிசீலனைக்குரியது.

நம்பேயோ 1860ஆம் ஆண்டளவில் அரிசோனாவில், ஹோப்பி மக்களின் மேட்டுச் சமதரையில் அமைந்த ஹானோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை அயலூரைச் சேர்ந்த ஹோப்பி. தாய் தேவா இனத்தவர். ஸ்பானிய ஆட்சிக்கெதிராக 1680இல் மூண்ட புவெப்லோ எழுச்சியைத் தொடர்ந்த கொந்தளிப்புகளில் ரியோ கிராண்டே பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தோரே இத் தேவா மக்கள். குழந்தை தாயின் குலத்தையே சாருமாதலின் நம்பேயோவும் தேவாப் பெண்ணே. வனைதல் அங்கு பெண்களின் தொழில். சக்கரம் கிடையாது. களிமண்ணைத் திரியாக உருட்டிச் சுருள்மேற் சுருளாக அடுக்கிக் கல்லால் மெருகிட்டு, யூக்கா இலையைத் தூரிகையாக்கித் தீட்டி, ஆட்டெரு மூட்டிச் சுடுவர்.

நீருக்கும் தானியத்துக்கும் பயன்பட்ட இக்கலம் எவ்வாறு பண்டமாயிற்று? 1870களில் தோமஸ் கீம் என்பார் அருகே வணிக நிலையம் அமைத்தார். 1880களில் புகையிரதப் பாதை அரிசோனாவை ஊடறுத்தது. தொழிற்சாலைப் பாத்திரம் வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்கலம் நூதனசாலைக்கும் உல்லாசப் பிரயாணியின் பெட்டிக்கும் போயிற்று. பியூக்ஸின் அகழ்வுக்கு முன்பே கீம் பழங்கலங்களைச் சேகரித்ததோடு அவற்றைப் போல வனையுமாறும் ஊராரைத் தூண்டியிருந்தார். நம்பேயோவின் கலங்களிலும் பழைய வடிவங்கள் 1895க்கு முன்னரே காணப்பட்டமையைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. சிக்யட்கி ஓடுகள் அவ்வூரார் நடந்து திரிந்த நிலத்திலேயே கிடந்தவை. அவற்றைக் காண அவர்களுக்கு ஓர் அறிஞர் தேவைப்படவில்லை. பியூக்ஸோ, புதியன பழம்பொருளாக விலைபோய்விடுமே எனக் கவலைப்பட்டவர்.

நம்பேயோ செய்தது பிரதி எடுத்தலும் அன்று. எளிதில் வெடிக்கும் வெண்பூச்சைக் கைவிட்டு மண்ணின் மேனியையே மெருகிட்டார். பறவையின் இறகையும் அலகையும் தனித்தனியே பிரித்து, தாழ்ந்தகன்ற சாடியின் தோளிற் புதிதாக இணைத்தார்; தீட்டாது விட்ட வெளியும் அவர் சித்திரத்தின் பகுதியாயிற்று. சந்தை கலையைக் கெடுத்தது என்று கூறிவிட்டு அமைதியடையும் நம்மவர் சிலர் இங்கு தயங்கவே வேண்டும். இம்முயற்சிக்கு இடமளித்ததும் அதே சந்தைதான்.

ஆயின் அச்சந்தை அவரையும் காட்சிப்பொருளாக்கியது. பிரெட் ஹார்வி நிறுவனம் கிராண்ட் கான்யனில் எழுப்பிய 'ஹோப்பி இல்ல'த்தில் 1905இலும் 1907இலும் குடும்பத்தோடு தங்கி, பிரயாணிகள் பார்த்திருக்க வனைந்தார். எழுத்தறியாத அவர் தம் கலங்களில் ஒப்பமிட்டவரல்லர். நிறுவனமே 'நம்பேயோ, ஹோப்பி' என அச்சிட்ட சீட்டை ஒட்டி விற்றது. தேவா என்ற பெயர் அதில் இல்லை.

கண்நோயினாற் பார்வை மங்கிய பின்னரும், 1942இல் இறக்கும்வரையான அம்முதுமைக் காலத்தில், விரல்களால் தடவியே வடிவமைத்தார். தீட்டும் வேலையை மகள்மார் ஏற்றனர். தாய் வனையத் தாம் தீட்டிய கலங்கள் சிலவற்றின் அடியில் இளைய மகள் பானி இருவர் பெயரையும் சேர்த்தே எழுதியுள்ளார்.