வெண்பனியில் ஓடும் சிறு கார்கள்: ஈரத்தினின்றும் மின்கருவிகளைக் காத்தல்

கம்பித் தொடர்பு ஏதுமின்றித் தொலைவிலிருந்தே ஒரு வாகனத்தைச் செலுத்துவது புதிய எண்ணமன்று. 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் நடைபெற்ற மின்சாரப் பொருட்காட்சியில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை வானொலி அலைகளின் உதவியால் நீர்த்தொட்டியில் இயக்கிக் காட்டினார். கண்டவர் வியந்தனர், சிலர் அதனை மாயவித்தை என்றே கருதினர். அதே தத்துவத்தால் ஓடும் சிறு கார் கடைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 1966-இல் இத்தாலிய நிறுவனம் ஒன்று பெராரி காரின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை வானொலி இயக்கத்துடன் விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றோ கைக்கடக்கமான அலைபரப்பியை ஏந்தி, மணலிலும் சேற்றிலும் வெண்பனியிலும் இத்தகைய கார்களை ஓட்டுவோர் உலகெங்கும் உள்ளனர்.

கனடா, பின்லாந்து, ஜப்பானின் ஹொக்கைடோ தீவு முதலிய இடங்களில் குளிர்காலம் நீண்டது. அங்கே கோடையில் வாங்கிய காரை ஆறு மாதம் பரண் மீது வைத்திருக்க எவருக்கும் மனம் வருவதில்லை. நம் நாட்டிலும் குல்மார்க், சோலங், அவுலி போன்ற மலைச்சரிவுகளில் இதற்கேற்ற பனி உண்டு. விளையாட்டுக் காரைப் பற்றி இவ்விதழில் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். பனிப்பிரதேசத்தில் பணிபுரிவோர் கையாளும் கருவிகள் யாவும், மலையுச்சியின் தானியங்கி வானிலைப் பெட்டி முதல் இடுப்பில் செருகிய வானொலிப் பேசி வரை, இச்சிறு கார் சந்திக்கும் இடையூறுகளையே சந்திக்கின்றன. அண்டார்க்டிகாவில் 'எட்டி' என்னும் பெயருடைய ஆளில்லாச் சிறுவண்டி ஒன்று பயன்படுத்தப்பட்டுள்ளது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பொறியியலாரும் இராணுவக் குளிர்ப்பிரதேச ஆராய்ச்சி நிலையத்தாரும் உருவாக்கிய அவ்வண்டி, சுமார் 80 கிலோகிராம் எடையுள்ளது. நான்கு சக்கரங்களும் மின்மோட்டாரால் சுழல்வன. நிலத்தை ஊடுருவும் ராடார் கருவியை இழுத்துச் சென்று, பனிக்கட்டிப் பரப்பின் கீழ் மறைந்து கிடக்கும் பிளவுகளைக் கண்டறிவது அதன் வேலை. அதன் பாட்டரியோ மின்சுற்றோ இடைவழியில் பழுதானால், பின்னே டிராக்டரில் வருபவர் பிளவு இருக்குமிடம் அறியாமல் செல்ல நேரும்.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல், மார்கழி விடியலில் புல்நுனியில் அரும்பும் நீர்த்துளிக்கும், இமயத்தில் வானினின்று வீழும் வெண்துகளுக்கும் பொதுவாக வழங்குகிறது. மொழிபெயர்ப்போருக்கு இது தொல்லையே. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இச்சொல் வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது. பனியில் ஓடிய கார் பழுதாவது பெரும்பாலும் வீழ்ந்த பனியால் அன்று. பின்னர் அதன் மீது படிந்த பனித்துளியாலேயே. குழப்பம் நேராதிருக்க, வீழ்வதை வெண்பனி என்றும், படிவதைப் பனித்துளி என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

வெண்பனியிலும் வகைகள் உண்டு. உஷ்ணநிலை பூஜ்யத்துக்கு வெகுவாகக் கீழே இருக்கும்போது பெய்த புதுப்பனி, மாவு போல் உதிரும். கையில் பிடித்தாலும் உருண்டையாகாது. அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான். இது காரின் மீது பட்டால் உதறிவிடலாம். பூஜ்யத்தை ஒட்டிய உஷ்ணநிலையில் உள்ள பனியோ நீர் கலந்தது, கனமானது, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, 'குளிர் கடுமையாக இருக்கிறது, இன்று வேண்டாம்' என்று எண்ணுவது ஈரத்தைப் பொறுத்தவரை தவறு. மின்கருவிகளுக்குக் கடுங்குளிரைவிட இளங்குளிரே அதிகத் தீங்கு செய்கிறது. எனினும் உலர்ந்த பனியையும் முற்றிலும் நம்பலாகாது. ஓடும் மோட்டாரும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவியும் சூடாகின்றன. அவற்றின் மீது விழுந்த பனி உருகி, நீராய்ச் சிறு இடுக்குகளில் இறங்குகிறது. கார் நின்றதும் அந்நீர் மீண்டும் உறைந்து, திருப்புத் தண்டுகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

நீர் மின்சுற்றைக் கெடுக்கும் விதம்

தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும். உருகிய வெண்பனி ஏறக்குறையத் தூயதே; அதனால்தான் நனைந்த கார் உடனே நின்றுவிடாமல் சில வேளைகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உரியவரும் ஆபத்து நீங்கிற்று என்று மகிழ்கிறார். ஆனால் மின்சுற்றுப் பலகையின் மேலுள்ள தூசியும், பற்றவைப்பின்போது எஞ்சிய பசையும் அந்நீரில் கரைகின்றன. இரு கலங்கள் கொண்ட பாட்டரியின் மின்னழுத்தம் 7.4 வோல்ட், நீரைப் பகுக்க அதில் ஒரு சிறு பகுதியே போதும். நேர்முனையிலுள்ள செம்பு அயனிகளாகக் கரைந்து, எதிர்முனையை நோக்கி நகர்ந்து, அங்கே மரக்கிளை போன்ற நுண்ணிய உலோக இழைகளாக வளர்கிறது. அவ்விழை எதிர்க்கரையைத் தொட்டதும் குறுக்குச்சுற்று உண்டாகிறது. வேகக்கட்டுப்பாட்டுக் கருவியில் அது நிகழுமாயின் கார் தானே முழுவேகத்தில் பாயக்கூடும்.

சாலையோரப் பனியில் ஓட்டுவது இன்னும் தீது. குளிர் நாடுகளில் சாலையில் பனி உறையாதிருக்க உப்பு தூவுகின்றனர். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதோடு, பேரிங்குகளையும் திருகாணிகளையும் ஓரிரவில் துருவேற்றிவிடும். உப்புச் சாலையில் ஓட நேர்ந்த காரின் அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவுதல் நன்று. ஈரத்துக்கு அஞ்சி வாங்கிய வாகனத்தை மேலும் நனைப்பதா என்று தோன்றும். ஆயினும் உப்பு தங்கிவிடுவதைவிட நல்ல நீர் பட்டு உலர்வது மேல்.

காப்பு முறைகள்

பெட்டியின் மீது 'நீர் புகாதது' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே ஏற்பதற்கில்லை. 'ஐ.பி. 67' என்பது போன்ற குறியீடு இருந்தால் அதற்குத் திட்டமான பொருள் உண்டு: முதல் இலக்கம் தூசியையும், இரண்டாவது நீரையும் குறிக்கும், ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கினும் தீங்கு நேராது. இச்சோதனை நல்ல நீரில் நடத்தப்படுவது; உப்புநீருக்கும், ஆண்டுக்கணக்கில் அதிர்ந்து தளர்ந்த ரப்பர் வளையத்துக்கும் அது உத்தரவாதம் அன்று.

வானொலி ஏற்பியைப் பலர் ரப்பர் பலூனுக்குள் இட்டு வாயைக் கட்டுகின்றனர். சிக்கனமான முறைதான், ஆனால் கம்பிகள் வெளிவரும் இடத்தில் எப்போதும் இடைவெளி இருக்கும், உள்ளே புகுந்த ஈரம் வெளியேறவும் வழி இராது. அதனினும் சிறந்தது, சுற்றுப்பலகையின் மீதே மெல்லிய காப்பரக்கு பூசுவது. அக்ரிலிக் அல்லது சிலிகோன் வகையைச் சேர்ந்த இப்பூச்சு, பலகையின் மேடுபள்ளங்களோடு ஒட்டிப் படிவதால் 'பொருந்து பூச்சு' எனலாம். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனமே போதுமானது. பூசுமுன் பலகையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்கு உலர்த்த வேண்டும். அழுக்கின் மேல் பூசினால் அழுக்கையே பாதுகாத்தவராவோம். இணைப்பு ஊசிகள், விசைகள், வெப்பம் வெளியேற்றும் உலோகத் தகடுகள் ஆகியவற்றின் மீது பூச்சு படலாகாது. சில பூச்சுகளில் புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். அவ்வொளியில் நோக்கினால் விடுபட்ட இடங்கள் இருண்டு தெரியும்.

பெட்டிகளின் விளிம்பை அடைக்கக் கடையில் கிடைக்கும் சிலிகோன் பசையைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காயும்போது காடி நாற்றம் வீசும் வகை அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அது செம்பை அரிக்கும். மூடிய பெட்டிக்குள் அதனை இட்டால், காப்பதற்கெனச் செய்ததே கேடாய் முடியும். நாற்றமற்ற, நடுநிலை வகைப் பசையே மின்கருவிகளுக்கு உகந்தது.

கம்பி இணைப்புகளுக்கு மின்கடத்தாச் சிலிகோன் கிரீஸ் தடவலாம். ஊசியும் குழியும் பொருந்தும் இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொட, சுற்றிலும் கிரீஸ் நிறைந்து ஈரத்தைத் தடுக்கிறது. சர்வோ மோட்டாரின் தண்டு வெளிவரும் இடத்துக்கும் இதுவே போதும். தூரிகையற்ற மோட்டாரின் சுருள்கள் எனாமல் பூசியவையாதலால் நனைவதால் உடனே கெடா. அதன் பேரிங்குகளே கெடும். உள்ளே உணர்விப் பலகை உள்ள வகையாயின் அதற்கும் காப்பு வேண்டும். ஏற்பியின் ஏரியல் நுனியில் உறை நீக்கிய சுமார் 31 மில்லிமீட்டர் நீளப் பகுதி உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் அது நான்கில் ஒரு பங்கு. அதனை வெட்டலாகாது, மடக்கலாகாது; பெட்டிக்கு வெளியே, இயன்ற அளவு உயரத்தில் நிறுத்த வேண்டும். ஈரப்பனி இவ்வலைகளை உட்கொள்வதால், பள்ளத்தில் கார் புதையும்போது தொடர்பு தளரும். தொடர்பு அற்றதும் மோட்டார் தானே நிற்கும் ஏற்பாடு சரியாக உள்ளதா என்பதை, சக்கரங்களைத் தூக்கிப் பிடித்து அலைபரப்பியை அணைத்துச் சோதித்த பின்னரே களத்தில் இறக்குக.

பாட்டரி

பொருட்சேதம் மட்டுமன்றி உடற்சேதமும் நேரக்கூடிய இடம் இதுவே. லித்தியம் பாலிமர் பாட்டரி குளிரில் அகத்தடை மிகுந்து, சீக்கிரமே சோர்ந்துவிட்டது போல் தோன்றும். ஓட்டுமுன் சட்டைப்பையில் வைத்து உடற்சூட்டில் வைத்திருந்தால் பெரும்பகுதி வலிமை மீளும். சோர்ந்ததென எண்ணி, குளிர்ந்த நிலையிலேயே மின்னேற்றத் தொடங்குவதுதான் பெருந்தவறு. பூஜ்யம் டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் மின்னேற்றும்போது, லித்தியம் அயனிகள் கிராபைட் அடுக்குகளுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிகின்றன. இப்படிவு வெளியே தெரியாது. நாளடைவில் அது கலத்தின் திறனைக் குறைப்பதுடன், உட்பிரிப்பைத் துளைத்துக் குறுக்குச்சுற்று உண்டாக்கித் தீப்பற்றவும் காரணமாகலாம். ஆகவே பாட்டரியை அறைக்குள் கொணர்ந்து, அதன் உட்பகுதியும் அறையின் சூட்டை அடையும்வரை பொறுத்து, அதன் பின்னரே மின்னேற்ற வேண்டும். அவசரத்தில் அடுப்பருகே வைத்துச் சூடாக்குவதும் கூடாது. பலகை வீடுகளில் படுக்கைக்கு அருகே இரவெல்லாம் மின்னேற்றும் பழக்கத்தைக் களப்பணியாளர் அறவே விட வேண்டும்; பாட்டரி காருக்குரியதாயினும் கருவிக்குரியதாயினும் இவ்விதி ஒன்றே.

ஓட்டும் முறையைப் பற்றிச் சில சொற்கள். வேகமாகச் சுழலும் சக்கரம் பனியைத் தோண்டிக் காரைப் புதைத்துவிடும். மெதுவாகத் தொடங்கி, ஓட்டம் கெடாமல் செல்வதே முறை. அகன்ற மென்டயர்களும், துடுப்புப் போன்ற வரிகளும் உதவும். சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டைகளைப் பூட்டுவோரும் உண்டு. பனியின் சுமை அதிகமாதலால், மோட்டாரின் பற்சக்கரத்தைச் சிறியதாக மாற்றாவிட்டால் சுற்றிலும் குளிர் இருந்தும் மோட்டார் கருகும். காரின் மேற்கூடு பாலிகார்பனேட்டால் ஆனதாயின் குளிரிலும் உடையாது. ஏனைய பிளாஸ்டிக் உறுப்புகள் பல நொறுங்கும் தன்மை அடைகின்றன. வெள்ளைக் கூடு வேண்டாம். ஆரஞ்சு வண்ணம் பூசி, மெல்லிய குச்சியில் ஒரு துணிக்கொடியும் கட்டினால் தேடும் வேலை மிச்சம்.

வீட்டுக்குள் கொணர்தல்

இருபது டிகிரி சூடுள்ள அறையில், காற்றின் ஈரம் செறிவு நிலையில் பாதி என்று கொள்வோம். அக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு எட்டரை கிராம் அளவு நீராவி இருக்கும். அது ஒன்பது டிகிரி அளவுக்குக் குளிர்ந்தாலே நீராவி துளியாகப் படியத் தொடங்கும். காரோ பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே கிடந்தது. உள்ளே கொணர்ந்த கணமே அதன் வெளிப்புறத்தில் மட்டுமன்றி, காற்று புகும் ஒவ்வோர் இடுக்கிலும், வெண்பனி ஒரு துகளும் எட்டாத இடத்திலும், பனித்துளி படிகிறது. இதனைத் தடுக்கும் வழி எளிது. வாசலுக்கு வெளியிலேயே தூரிகையால் பனியை அகற்றி, பாட்டரியைக் கழற்றி, காரைக் காற்றுப்புகாப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அதன் பின் உள்ளே கொணர்க. துளிகள் பையின் வெளிப்புறத்தில் படியும். உள்ளே அடைபட்டது வெளியின் குளிர்ந்த, உலர்ந்த காற்றே. ஓரிரு மணி நேரத்தில் காரும் அறையின் சூட்டை அடைந்த பின் பையைத் திறக்கலாம். புகைப்படக் கருவி, தொலைநோக்கி, அளவைக் கருவி எதற்கும் இம்முறை பொருந்தும்.

வெண்பனியை என்றும் காணாத மாணவருக்கும் ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் பனிக்கட்டியும் நீரும் இட்டு, ஒன்றை மட்டும் உடனே பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க. சில நிமிஷங்களில் முதல் டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும். மற்றதில் பையே வியர்க்கும். அரிப்பைக் காட்ட, ஒரு கிண்ணம் நீரில் இரு செம்புக்கம்பிகளை நிறுத்தி 9 வோல்ட் பாட்டரியுடன் இணைத்து, ஒரு சிட்டிகை உப்பு இட்டால் போதும். ஒரு கம்பியில் குமிழிகள் எழும். மற்றது அரிக்கப்பட்டு நீர் கலங்கும். சன்னல்களைத் திறந்து வைத்து, சில நிமிஷங்களோடு நிறுத்திவிடுக.

நனைந்த கருவியை அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கம் பரவியுள்ளது. அரிசி ஈரத்தைச் சிறிதளவே ஈர்க்கும். அதன் மாவுத்தூள் உள்ளே புகுந்து பசையாகும். கூட்டைத் திறந்து காற்றோட்டத்தில் வைப்பதும், பின் சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் மூடி வைப்பதுமே நலம். பேரிங்குகளில் நீரை அகற்றும் எண்ணெயைப் பயன்படுத்தினால், அது பழைய மசகையும் கழுவிவிடுமாதலால் மறுபடி எண்ணெய் இடுதல் அவசியம். சிலிக்கா ஜெல்லில் ஈரம் ஏறியதை அதன் நிறம் காட்டும்: பழைய வகை நீலத்தினின்றும் இளஞ்சிவப்பாகும்; அதிலுள்ள கோபால்ட் உப்பு உடலுக்குத் தீங்கானது என்பதால், இப்போது ஆரஞ்சு நிற வகையே பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. நிறம் மாறியதும் சுமார் 110 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் அதே ஜெல் மீண்டும் பயன்படும்.