நாகசுரக் கலைஞரின் மகன் கையில் சாக்ஸபோன்

புதுதில்லி: இந்திய இசைக்கு எந்தக் கருவி உகந்தது, எது உகந்ததல்ல என்று தலைநகரின் அதிகாரம் ஒருமுறை ஆணையிட்டே தீர்ப்பளித்தது. 1940ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் ஒலிக்கக் கூடாது எனத் தடை விதிக்கப்பட்டது. அப்போது வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லயனல் பீல்டன் என்ற ஆங்கிலேயர். கட்டைக்குக் கட்டை சுருதி நிலைத்துவிட்ட கருவியில் கமகம் எழாது, ஆகவே அது நம் இசையைக் கெடுத்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது. அந்நிய ஆட்சி போன பின்பும் தடை போகவில்லை. 1971இல்தான் அது தளர்த்தப்பட்டது.

அதே காரணத்தை சாக்ஸபோனுக்கும் சொல்லியிருக்கலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் சாக்ஸ் 1846இல் பாரீஸ் நகரில் காப்புரிமை பெற்ற கருவி அது. உடல் பித்தளை என்றாலும், நாணல் சீவாளி அதிர்ந்து ஒலி பிறப்பதால் மரக்குழல் இனத்தில் சேர்க்கப்படுகிறது. நாகசுரத்தில் துளைகள் திறந்திருக்கும். விரலைப் பாதி தூக்கியும் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் சுரத்தை அசைக்கலாம். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் நடுவே உலோக மூடி நிற்கிறது. மூடி திறந்தால் ஒரு சுரம், மூடினால் வேறொரு சுரம். இடைப்பட்ட நுட்பங்களுக்கு அதில் வழியில்லை என்றே எவரும் முடிவு கட்டுவர்.

அந்த முடிவை மாற்றி எழுதியவர் கத்ரி கோபால்நாத். 2004இல் இதே தலைநகரம் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கிப் பெருமைப்படுத்தியது. தமிழர்களில் பெரும்பாலோர் அவரை அறிந்தது 1994இல் வெளிவந்த கே. பாலசந்தரின் 'டூயட்' திரைப்படத்தின் வழியாக. ஏ.ஆர். ரகுமானின் இசையில், கதாநாயகன் பிரபு வாயசைக்க, ஒலித்த சாக்ஸபோன் கோபால்நாத்துடையது. ஆனால் ஒரு திரைப்படத்துக்குள் அடக்கிவிடக் கூடியதன்று அவரது வாழ்க்கை.

கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டம் பண்ட்வால் வட்டத்தில் 1949 டிசம்பர் 6 அன்று பிறந்தவர். தந்தை தனியப்பா நாகசுரக் கலைஞர். தந்தையிடமே இசையின் அரிச்சுவடியைக் கற்ற சிறுவன், மைசூர் அரண்மனை பேண்டு குழுவில் சாக்ஸபோன் வாசிக்கப்படுவதைக் கண்டான். அதுவே தன் கருவி என்று அன்றே தீர்மானித்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார். கருவியைக் கண்டது ஒரு நாள். அதில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவரப் பிடித்தவை பல ஆண்டுகள். மங்களூர் கலாநிகேதனத்தில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் பயின்றார். கருவியில் தனக்கேற்பச் சில மாற்றங்களும் செய்துகொண்டார். பிறகு சென்னைக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணனைச் சந்தித்தார்.

இந்த இடத்தில்தான் பாலக்காடு கதைக்குள் வருகிறது. டி.வி. கோபாலகிருஷ்ணன் கொச்சியை அடுத்த திருப்பூணித்துறைக்காரர். செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். செம்பை என்பது பாலக்காட்டுக்கு அருகே கோட்டாயியை ஒட்டிய சிற்றூர். தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து புழங்கும் அந்த மண்ணிலிருந்து வந்த பாகவதர், பாட்டில் மட்டுமன்றி ஆள்களைத் தேர்வதிலும் துணிவு மிக்கவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த கே.ஜே. யேசுதாஸைச் சீடராக ஏற்றார். இடக்கை வாசிப்பு என்பதற்காகவே பலர் ஒதுக்கிய பழனி சுப்பிரமணிய பிள்ளையை மிருதங்கத்துக்குத் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். இடக்கைக்காரருக்காக மேடையில் வயலின் வித்வான் தம் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது கௌரவக் குறைவு என்று கருதப்பட்ட காலம் அது.

அந்தப் பரம்பரையில் வந்த டி.வி. கோபாலகிருஷ்ணன் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் அறிந்தவர். 1974இல் ரவிசங்கர் குழுவில் ஒருவராக, பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசனின் வட அமெரிக்கப் பயணத்தில் மிருதங்கம் வாசித்தவர். மேலைக் கருவியோடு வந்து நின்ற இளைஞரை அவர் திருப்பி அனுப்பாததில் வியப்பில்லை. பாடுவது போலவே வாசிக்க வேண்டும் என்ற பயிற்சி அங்கே கிடைத்தது. கோபால்நாத்தின் முதல் கச்சேரி செம்பை நினைவு அறக்கட்டளைக்காக நடைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆசானிடம் கர்நாடக இசை பயின்ற இன்னொருவர், இடுக்கி மலையின் கிழக்கே தமிழக எல்லைக்குள் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாடி வெற்றிக்குத் துணைநின்ற பாவலர் வரதராஜனின் தம்பி. சபாக்களின் வாசலுக்கு வெளியே பிறந்த இசை, எந்தெந்த வழியாக உள்ளே வந்து சேர்ந்தது என்பதை ஆராய்வோர் அந்த ஆசானின் வீட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1980ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற ஜாஸ் விழா கோபால்நாத்தின் வாழ்வில் திருப்பமாக அமைந்தது. அவர் வாசிப்பதைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, தாமும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். ஹேண்டி சாதாரணமானவர் அல்லர். சார்லஸ் மிங்கஸ் குழுவில் வாசித்தவர். 1970களிலேயே சரோத் மேதை அலி அக்பர் கானுடன் இசைத்தட்டு வெளியிட்டவர். ஒத்திகை ஏதுமின்றி இருவரும் சேர்ந்து வாசித்த அந்த நிகழ்ச்சிக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. பின்னர் பிராக், பெர்லின் ஜாஸ் விழாக்களுக்கு அழைப்புகள் வந்தன. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி.யின் புரோம்ஸ் கச்சேரி வரிசையில் வாசித்தார். அவ்வரிசைக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவரே என்று குறிப்பிடப்படுகிறது.

ஜாஸ் கலைஞர்கள் அவரிடம் கண்டது மனோதர்மத்தை. எழுதி வைத்ததை வாசிப்பவர் அல்லர். அந்த நேரத்தில், அந்த மேடையில் இசையை உருவாக்குபவர். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஜாஸ் கலைஞர், பாடலின் அடியில் மாறிக்கொண்டே செல்லும் சுரக்கூட்டங்களைப் பின்பற்றித் தம் கற்பனையை ஓடவிடுகிறார். ராக ஆலாபனை செய்பவருக்கு அடியில் இருப்பது மாறாத ஒரே சுருதி. அதன் மேல் ராகத்தின் இலக்கணம் மீறாமல் விரிவு காண்கிறார். கோபால்நாத் ஜாஸ் மேடையிலும் ராகத்தை விட்டு இறங்கியதில்லை. வண்ணப் பட்டு அணிந்து, சம்மணமிட்டு அமர்ந்து, பக்கத்தில் ஏ. கன்யாகுமரியின் வயலினோடு அவர் வாசித்தது கச்சேரியே. 'ஃப்யூஷன்' என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வேறுபாட்டை மூடிவிடுவது விளம்பரக்காரர்களுக்கு வசதி, கேட்பவர்களுக்கு நட்டம்.

ஜாஸ் இந்நாட்டுக்கு வந்த வழியிலும் அரசியல் உண்டு. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத்துறை ஜாஸ் கலைஞர்களைத் தன் தூதர்களாக உலகெங்கும் அனுப்பியது. 1958இல் டேவ் புரூபெக் குழுவும், 1963இல் டியூக் எலிங்டன் குழுவும் அவ்வாறே இந்தியா வந்தன. சென்னையில் புரூபெக் சேர்ந்து வாசித்தது, முன்பு கூறிய அதே பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு. சுதந்திரத்தின் இசை என்று வெளிநாடுகளில் பறைசாற்றப்பட்ட அந்த ஜாஸுக்கு உள்நாட்டில் கிடைத்த மரியாதை வேறு. புரூபெக் குழுவில் கறுப்பினத்தவரான யூஜின் ரைட் இருக்கிறார் என்பதற்காகவே 1960இல் தென் மாநிலக் கல்லூரிகள் பல கச்சேரிகளை ரத்து செய்தன. அவரை நீக்க புரூபெக் மறுத்துவிட்டார்.

கோபால்நாத்துக்கு நேரெதிர்த் திசையில் நடந்தவர் ஒருவரும் உண்டு. பாஸ்டனில் 1923இல் பிறந்த சார்லி மரியானோ, மிங்கஸின் புகழ்பெற்ற 1963ஆம் ஆண்டு இசைத்தட்டில் சாக்ஸபோன் வாசித்தவர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் மலேசியா சென்ற அவர், அங்கே நாகசுரத்தின் வசப்பட்டார். பின்பு தென்னிந்தியாவுக்கே வந்து அதைப் பயின்று, தம் ஜாஸ் இசைத்தட்டுகளில் ஒலிக்கச் செய்தார். 1983இல் பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் கலைஞர்களான ஆர்.ஏ. ரமாமணி, டி.ஏ.எஸ். மணி ஆகியோருடன் அவர் பதிவு செய்த 'ஜோதி' இன்றும் கேட்கத் தக்கது. 2009இல் ஜெர்மனியில் காலமானார்.

சாக்ஸபோன்காரர் நாகசுரத்தைத் தேடி வந்தார். நாகசுரக்காரரின் மகன் சாக்ஸபோனைத் தேடிப் போனார். அமெரிக்கருக்கு அது விருப்பம் மட்டுமே. நம்மவர் விஷயத்தில் அப்படி மட்டும் சொல்லிவிட முடியுமா என்பதே கேள்வி. 1947 ஆகஸ்ட் 14 அன்று தில்லியில் திருவாவடுதுறை ஆதீனக் குழுவோடு வந்து நாகசுரம் வாசித்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. நாகசுரக் கலைஞர் மேடையில் சமமாக அமர வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் போராடியவர் அவர். ஆனால் அவருக்குப் பின்னும் சென்னை சபாக்களில் நாகசுரம் பெரும்பாலும் விழாவைத் தொடங்கிவைக்கும் மங்கல இசையாகவே நின்றது. மாலை நேரத்து முதன்மைக் கச்சேரி அரிதாகவே அதற்குக் கிட்டியது. கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜனும் நாகசுரம் பயின்று பின்னர் மேலைக் கருவிக்கு வந்தவர். அவருக்கு சங்கீத கலாநிதி விருது 2008இல், முதுமையில் வந்து சேர்ந்தது. கோபால்நாத்துக்கு அவ்விருது வழங்கப்படவே இல்லை.

நேரடி வாரிசு என்று சொல்லத்தக்க ஒருவர் கடல் கடந்து கிடைத்தார். கன்னடப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுக்கு, மாணவப் பருவத்தில் அவரது அண்ணன் வேடிக்கைப் பரிசாகக் கொடுத்த ஓர் இசைத்தட்டு கோபால்நாத்துடையது. இந்தியப் பெயர் இருப்பதால் இந்திய இசை தெரிந்திருக்கும் என்று பிறர் எதிர்பார்த்த சங்கடத்தில் இருந்த இளைஞருக்கு அது வழிகாட்டியாயிற்று. 2008இல் இருவரும் சேர்ந்து 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். உறவினர்கள் என்பது அதன் பொருள். அதிலும் கன்யாகுமரியின் வயலின் உண்டு.

2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில், 69ஆம் வயதில் கோபால்நாத் காலமானார். அவரிடம் பயின்றவர்களில் பெங்களூரின் லாவண்யா, சுப்புலட்சுமி சகோதரிகள் 'சாக்ஸபோன் சகோதரிகள்' என்றே அறியப்படுகின்றனர். மங்களூர், உடுப்பி வட்டாரக் கோயில் விழாக்களிலும் திருமணங்களிலும் தவிலோடு சேர்ந்து இப்போது ஒலிப்பது பெரும்பாலும் சாக்ஸபோன்தான். தனியப்பாவின் தலைமுறையில் அந்த இடத்தில் இருந்தது நாகசுரம்.